சாம்பல் நிறக் காலுறை, ஒரு ஜோடி

பெட்டி எண் 83-0117.
ஒட்டுச்சீட்டு மூன்றாவது முறையாக உரிகிறது.
இதற்கு முன் இரண்டு முறையும்
பசை தடவியவள் நான்தான்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை
மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வரும்.
வைத்திருக்கவா, அழிக்கவா?
இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போடவேண்டும்.
இன்று மாலை ஐந்து மணிக்குள்.
வெள்ளிக்கிழமையோடு எனக்கு ஓய்வு.

டேரில் கல்லுங்கி, வயது பதினாறு.
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே.
சுரங்கம் மூடிய வருஷத்து மார்ச்சில்
ரயில் பாலத்துக்கு அடியில்
பனிமேல் மல்லாந்து கிடந்தான்.
பூட்ஸ் இரண்டும் பாலத்தின் மேலே,
விருந்துக்கு வந்தவன் வாசலில் கழற்றிவைத்ததுபோல
ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு.
காதுக்குப் பின்னால் காயம்.
"விழுந்ததால்" என்று எழுதினார் பரிசோதகர்,
சனிக்கிழமை மாலை, அரைப் பக்கம்.

அவன் அம்மா ஐலிக்கு
பொருள்களைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.
கோப்பில் இருக்கிறது, எழுத்துப்பிழைகளோடு:
ஜாக்கெட் ஒன்று. சீப்பு ஒன்று.
இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
காலுறை, கம்பளி, சாம்பல் நிறம், ஒரு ஜோடி.

"என் வீட்டில் சாம்பல் கம்பளி கிடையாது."

"பையன்கள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், அம்மா."

"துவைக்கிறவள் நான்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில்
எதுவும் தட்டச்சு செய்யப்படவில்லை.

ஆறிப்போன வழக்கு என்கிறார்கள்.
புண் ஆறினால் நல்லது.
காப்பி ஆறினால் கொட்டிவிடலாம்.
இது எந்த வகை ஆறுதல் என்று
முப்பத்து நான்கு வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்தும்
எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.
அந்தக் காலுறைகள் நனைந்திருக்கவில்லை.
யாரோ அவனுக்கு அவற்றைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்,
அடிக்கு முன்போ பின்போ.
அவன் பாதம் சில்லிட்டிருப்பதை
யாரோ தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

2003, டிசம்பர்.
லூத்தரன் தேவாலய அடித்தளத்தில் கிறிஸ்துமஸ் விற்பனை.
ரொட்டிக்கும் ஜாம் பாட்டில்களுக்கும் நடுவில்
அதே குதிகால்.
இரட்டை இழை, மூன்றாம் வரிசையில்
ஒரு கண்ணி விட்டுப் பிடித்த தடம்.
பெட்டிக்குள் நூறு முறை பார்த்த தடம்.

மேசைக்குப் பின்னால் லெம்பி ஓயாலா,
ஊசியை நிறுத்தாமல் பின்னிக்கொண்டு.
கேட்டேன்:
"எண்பத்து மூன்றில் இதை யாருக்கெல்லாம் விற்றீர்கள்?"

சிரித்தாள்.
"யாருக்கு விற்கவில்லை?
மரம் வெட்டுகிறவர்கள், பாதிரியார்,
ஹாக்கி பயிற்சியாளர், ஷெரிஃப், அவர் உதவியாளர்கள்.
குளிர்காலத்துக்கு நாற்பது ஜோடி."
பிறகு குனிந்து என் பூட்ஸுக்கு மேலே பார்த்தாள்.
"நீ போட்டிருப்பதும் என்னுடையதுதான்."

அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்தது.
அப்பா பனி ஒதுக்கும் வண்டி ஓட்டினார்.
அந்த மார்ச் இரவிலும் ஓட்டினார்.
விடிகிற நேரத்தில் வந்தார்,
அடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு
பேசாமல் உட்கார்ந்திருந்தார்.
காலில் என்ன இருந்தது என்று யார் பார்ப்பார்கள்?
எப்போதுமே பேசாதவர்தான்.
ஊரில் ஒவ்வொரு வீட்டிலும்
அப்படி ஓர் அப்பா இருந்தார்.

லெம்பி அடுத்த வசந்தத்தில் இறந்தாள்.
அப்பா அதற்கடுத்த வருஷம்.
நான் அவரிடம் கேட்கவில்லை.
கேட்காததை எந்தக் கோப்பிலும் எழுதவும் இல்லை.

ஐலிக்கு எண்பத்தெட்டு.
ஒவ்வொரு மார்ச்சிலும் வருவாள்,
கவுண்டரில் கையுறையைக் கழற்றி வைப்பாள்.
"இருக்கிறதா?"
"இருக்கிறது."
அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கமாட்டாள்.
கையுறையின் நிறம் சிவப்பு.

மணி நாலேமுக்கால்.
வெளியே வண்டி பனியை வழித்துக்கொண்டு போகிறது,
யாரோ ஒரு பையன் ஓட்டுகிறான்.
முதல் கட்டத்தில் டிக் போடுகிறேன்.
பேனா எழுதவில்லை.
உதறிப் பார்க்கிறேன்,
வேறு பேனா தேடுகிறேன்.